தண்ணி மாத்திரை

அடைக்கலமேரிக்கு இருதயத்தில் கோளாறு இருப்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். காய்ச்சல் போய்விட்டது, போகிற போக்கில் இருதயத்துக் கதவு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். பிள்ளை பெற்றுக்கொள்வது உயிருக்கே ஆபத்து என்பதையும் அவரே சொன்னார். வெளியே வந்ததும் செல்வநாதன் வேப்பமரத்தடியில் நின்று ஒரு பீடியைப் பற்றவைத்தான். அவன் என்ன சொல்லப் போகிறானோ என்று அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி வுடு. உனுக்கு நானு, எனுக்கு நீ. வா, வூட்டுக்குப் போலாம்" என்றான்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுத்ததே இல்லை. சொந்தக்காரர்கள் யாராவது எடுத்தாலும் முகத்தில் அடித்த மாதிரி பேசி வாயை அடைத்துவிடுவான். பேச்சில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. ஹார்பரில் கப்பல் மூட்டைகளைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவன்தான் என்றாலும் சங்கத்தில் அவன் ஒரு பேச்சாளன். கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏற்றிவிட்டால் போதும், மைக் இல்லாமலேயே கடைசி வரிசைவரை கேட்கும். பேசும்போது அவன் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்து மேரிக்குப் பயமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

கல்மண்டபத்துக்குப் பின்னால், வரிசையாக வீடுகள் அடைத்திருந்த ஒரு ஸ்டோரில் அவர்கள் குடியிருந்தார்கள். பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருப்பது மேரிக்கு ஆகவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் பாத்திரம் கழுவி முடித்தால் அப்புறம் சுவர்தான். தண்டையார்பேட்டையில் ஓர் ஆணிக் கம்பெனியில் பாக்கெட் கட்டும் வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளாகவே போய்ச் சேர்ந்தாள். உட்கார்ந்து செய்கிற வேலை. பக்கத்து இடம் காத்தூன் பீவி என்பவளுடையது. இரண்டு பேருக்கும் முதல் நாளே ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் மேரி பாக்கெட் கட்டும் அந்த ஷெட்டின் கதைகளைத்தான் பேசுவாள். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு எங்கே சம்பந்தம் பேசுகிறார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே சாப்பிடுவான்.

சில வருஷங்கள் இப்படிப் போயின. பிறகு அவள் காலில் தண்ணீர் சேர ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு வயிறு. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஆஸ்பத்திரியில் அப்போதெல்லாம் தண்ணீர் இறங்க இடுப்பில் ஊசி போடுவார்கள். ஊசி போட்ட இடம் கட்டிக்கொண்டு வலிக்கும். இறங்கிய தண்ணீர் அடுத்த ஊசிக்கு முன்னாலேயே மறுபடி ஏறிவிடும்.

எழுபத்திரண்டாம் வருஷம் அந்த வார்டுக்குப் புதிதாக ஒரு லேடி டாக்டர் வந்தாள். மேரியின் காலைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஊசி வேண்டாம், லாசிக்ஸ் என்று ஒரு மாத்திரை வந்திருக்கிறது, அதைத் தருகிறேன் என்றாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. உப்பைக் குறைக்க வேண்டும், கருவாட்டை மறந்துவிட வேண்டும், தினம் ஒரு வாழைப்பழமோ இளநீரோ சாப்பிட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னாள். மாத்திரை போட்டுக்கொண்டால் அடிக்கடி ஒன்றுக்கு வரும். வந்தால் அடக்கக் கூடாது, உடனே போய்விட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க ஸ்டோரின் பின்கட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தரம் திரும்பி வரும்போதும் செல்வநாதன் வாசலில் நின்று கேலி செய்தான். அவளும் சிரித்தாள். அந்த வாரக் கடைசியில் அவள் கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பெட்டியில் போட்டு வைத்திருந்த பழைய செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, காசிமேட்டுக் கரைவரை அவனோடு நடந்து போய்விட்டு, மூச்சு வாங்காமல் திரும்பி வந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பாயில் நீட்டிப் படுத்தாள்.

ஆனால் ஷெட்டு வேறு மாதிரி இருந்தது. அங்கே பாக்கெட் கட்டும் பெண்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து டோக்கன்போல ஒரே ஒரு பித்தளை வில்லை. சூப்பர்வைசர் தண்டபாணியின் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். கக்கூசுக்குப் போகிறவள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். தண்டபாணி கெட்ட மனிதர் இல்லை. ஆனால் மேலே இருப்பவர்கள் அவரைக் கேள்வி கேட்பார்கள், அவர் இவர்களைக் கேட்பார். மேரி மறுபடி மறுபடி போய் நின்றபோது முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, "இன்னாம்மா, இப்பத்தான போயிட்டு வந்தே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். மற்றப் பெண்களும் முணுமுணுத்தார்கள். அவர்களுக்கும் அவசரம் உண்டு. இவளுடைய முறை அவர்கள் முறையைத் தின்றது. காத்தூன் பீவி மட்டும் தனக்கென்று வில்லையைக் கேட்டு வாங்கி இவள் கையில் கொடுத்து அனுப்புவாள்.

மாத்திரையைச் சாயங்காலத்துக்கு மாற்றிப் பார்த்தாள். ராத்திரியில் தூக்கமே போயிற்று. பகலில் காலும் வீங்கியது. மறுபடி காலைக்கே வந்தாள். வேலையை விட்டுவிடச் சொன்னான் செல்வநாதன். அவள் கேட்கவில்லை. "வுட்டுட்டு இன்னா பண்றது? செவுத்தப் பாத்துகினு குந்தினுகீறதா?" என்றாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் வழக்கமான நேரத்துக்கு வரவில்லை. அவன் தேடிக்கொண்டு புறப்படும்போது, காத்தூன் பீவியின் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புடவை மாற்றினாள். வெகுநேரம் கழித்துத்தான் சொன்னாள். வில்லையை எடுத்துக்கொண்டு போன ஒருத்தி வரத் தாமதமாகிவிட்டது. இவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள், நின்றாள், பிறகு முடியவில்லை. நின்ற இடத்திலேயே ஆகிவிட்டது. தண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார். யாரோ ஒருத்தி சிரித்தாள். சொல்லி முடித்துவிட்டு மேரி அழுதாள். இத்தனை வருஷ நோயில் அவள் அழுது அவன் பார்த்ததில்லை.

செல்வநாதனுக்கு ரத்தம் கொதித்தது. அந்த மாதம்தான் ஆணிக் கம்பெனி வாசலில் போனஸுக்காகத் தொழிலாளர்கள் கூட்டம் போடுவதாக இருந்தார்கள். ஆதரவாகப் பேச ஹார்பர் சங்கத்திலிருந்து அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த வில்லை விஷயத்தையும் கோரிக்கையில் சேர்க்கிறேன் என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கையைப் பிடித்தாள்.

"பேசு, வேணாங்கல. ஆனா எம்பேச்ச எடுக்காதய்யா."

"சேச்சே. அது எனுக்குத் தெரியாதா?" என்றான். அவன் அதை மனசாரத்தான் சொன்னான்.

கூட்டத்துக்கு நல்ல ஜனம். ஒரு பக்கம் ஆண்கள், இன்னொரு பக்கம் சுவரோரமாகப் பெண்கள். மேரி காத்தூன் பீவியோடு அங்கே நின்றிருந்தாள். செல்வநாதன் போனஸைப் பற்றிப் பேசினான், கைதட்டல் வந்தது. மெஷினில் விரல் போனவர்களைப் பற்றிப் பேசினான், கூட்டம் உச்சுக்கொட்டியது. பிறகு பெண்கள் ஷெட்டில் கக்கூசுக்குப் போக ஒரே வில்லைதான் இருக்கிறது என்றான். ஆண்கள் பக்கத்தில் பின்னாலிருந்து யாரோ ஏதோ சொல்ல, ஒரு சிரிப்பு கிளம்பியது. அவன் அதை அடக்கிவிட்டு மறுபடி சொன்னான். சிரிப்பு இன்னும் பரவியது. மேடைக்குப் பக்கத்தில் இருந்த தலைவர்கள்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவனை யாரும் அப்படிப் பார்த்துச் சிரித்ததில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"சிரிக்கிறியா? சிரி. எம் பொஞ்சாதி அந்த ஷெட்டுலதான் வேல செய்யுது. இருதயத்துல நோவு. டாக்டர் குட்த்த மாத்திரயப் போட்டுகினு, அந்தத் தகடுக்கோசரம் காத்துகினு நின்னு, நின்ன எடத்துலயே சேலய நனச்சிகினு வூட்டுக்கு வந்துச்சி. இப்ப சிரிடா பாக்கலாம்."

கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. ஒரு குழந்தை அழுவதுகூடத் தனியாகக் கேட்டது. பிறகு எங்கிருந்தோ ஒருவன் கோஷம் எழுப்பினான். மொத்தக் கூட்டமும் அதை எடுத்துக்கொண்டது. வில்லையை ஒழி, கக்கூஸ் கட்டு என்று ஆயிரம் வாய் கத்தியது. செல்வநாதன் வேர்த்துப் போய்க் கீழே இறங்கினான். அவனைத் தோளில் தூக்காத குறை. அப்போதுதான் பெண்கள் பக்கம் பார்த்தான். மேரி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். காத்தூன் பீவி அவளைத் தோளோடு அணைத்திருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் முன்னால் நடந்தாள். அவன் எட்டிப் பிடிக்கும்போதெல்லாம் இன்னும் வேகமாக நடந்தாள். அவளுக்கு மூச்சு வாங்குகிறதே என்று அவனே பின்தங்கிக்கொண்டான். கோபத்தில் வந்துவிட்டது, வேண்டுமென்று சொல்லவில்லை என்று வீட்டில் கெஞ்சினான். அவள் சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள். சண்டை போடவில்லை. அதற்கடுத்த நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கம்பெனி இறங்கி வந்தது. போனஸில் இழுத்தடித்தவர்கள் கக்கூஸ் விஷயத்தில் சீக்கிரமாகவே ஒப்புக்கொண்டார்கள். தண்டபாணியே வில்லையைக் கழற்றி எடுத்தார். ஷெட்டுக்குப் பின்னால் தகரக் கதவு போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். பெண்கள் யாரையும் கேட்காமல் எழுந்து போனார்கள், வந்தார்கள். தெருவில் செல்வநாதனைப் பார்த்து அறிமுகம் இல்லாதவர்கள் கும்பிட்டார்கள். ஹார்பரில் அவன் பேச்சை இன்னொருவன் அவனைப் போலவே பேசிக் காட்டினான்.

மேரிக்குத்தான் எழுந்திருக்க முடியவில்லை. அவள் இடத்தைவிட்டு எழுந்தால் ஷெட்டே நிமிர்ந்து பார்ப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. சில பேர் நிஜமாகவே பார்த்தார்கள். பரிதாபமாகப் பார்த்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நிற்கும் ஆண்கள், "டோக்கன் மேரி போவுது பார்" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அவள் மாத்திரையைக் குறைத்தாள். முதலில் மத்தியானத்து மாத்திரை போயிற்று. பிறகு வேலை நாட்களில் காலை மாத்திரையும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுக்கொண்டாள்.

செல்வநாதன் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பான். அவள் மாத்திரை போட்டுக்கொள்வதைப் பார்ப்பான், நிம்மதியாக இருப்பான். கால் வீங்குகிறதே என்று ஒரு முறை கேட்டான். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்றாள். முகம் உப்பியிருக்கிறதே என்று இன்னொரு முறை கேட்டான். நன்றாகத் தூங்கிவிட்டேன் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், போன வாரம்தானே போனேன், டாக்டர் நல்லாயிருக்கிறது என்றாள் என்று சொல்லிவிட்டாள். அவன் நம்பினான். அவள் மறுபடி சுவரில் சாய்ந்து தூங்கத் தொடங்கியபோதுகூட, பாய் ஈரமாக இருக்கிறது என்று அவள் சொன்னதை நம்பினான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஷெட்டில் பாக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜைமேல் சாய்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விடும்போது தொண்டையில் தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம் வந்தது. தண்டபாணி கம்பெனி வேனை எடுக்கச் சொல்லித் தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார். காத்தூன் பீவி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். ஹார்பருக்கு ஆள் வந்து சொன்னபோது செல்வநாதனின் வின்ச்சில் மூட்டைகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை இறக்கி வைத்துவிட்டு ஓடினான்.

அதே லேடி டாக்டர்தான் இருந்தாள். அதே மருந்தை இப்போது ஊசியாக நரம்பில் ஏற்றினார்கள். சிறுநீர் இறங்கக் குழாய் வைத்திருந்தார்கள், தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் மேரிக்கு மூச்சு நிதானப்பட்டது. கன்னம் வற்றி, கல்யாணத்தன்று இருந்த முகம்போலச் சின்னதாக இருந்தது. செல்வநாதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று டாக்டர் அவனைக் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். சாப்பிட்டாள் என்று அவன் அடித்துச் சொல்லியிருந்தான்.

"நான் போட்டுக்கலய்யா" என்றாள் மேரி.

அவன் புரியாமல் பார்த்தான்.

"ஞாய்த்துக்கெழம மட்டுந்தான் போட்டுகினேன். உன்னாண்ட பொய் சொன்னேன். கோச்சுக்காத."

"ஏன் மேரி? அதான் அந்தத் தகட எட்த்துட்டானுங்களே. கேக்கறதுக்கே ஆள் இல்லியே."

அவள் முகத்தைக் கூரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "கேக்கறதுக்கு ஆள் இல்லதான். ஆனா எய்ந்துக்க சொல்லோ எல்லாம் நீ பேசினது காதுல கேக்கும். அப்பிடியே குந்திக்குவேன்."

செல்வநாதன் அவள் கையில் முகத்தை வைத்துக்கொண்டான். ஏதேதோ சொல்லி மன்னிப்புக் கேட்டான். அவள் அவன் தலைமயிரைக் கோதினாள். நீ சொன்னது தப்பு இல்லை, அந்தப் பொம்பளைங்களுக்கெல்லாம் நல்லதுதான் ஆயிற்று, எனக்குத்தான் தாங்கவில்லை என்றாள். அப்புறம் இரண்டு பேரும் யோசனை செய்தார்கள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று இந்த முறை அவளே சொன்னாள். பெரம்பூரில் அவன் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் தனிக் கக்கூஸ் உள்ள வீடு ஒன்று காலியாக இருக்கிறது, பார்க்கிறேன் என்றான் அவன். அங்கே போனால் தையல் மெஷின் ஒன்று போட்டுக்கொள்கிறேன், காத்தூனையும் அப்பப்போ வரச் சொல்லலாம் என்றாள். பேசப் பேச அவள் முகம் தெளிந்தது. அவனும் நம்பத் தொடங்கினான்.

சாயங்காலம் இளநீர் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொன்னாள். அவன் போய் வாங்கி வந்து, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு டம்ளரை வாயருகே பிடித்தான். இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாய்க்கு முன்னால் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் இருய்யா" என்றாள்.

அவன் இருந்தான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பக் கேட்பாள் என்று டம்ளரைப் பிடித்தபடியே இருந்தான். தோளில் அவள் தலை கனத்தபோதுதான் நர்ஸைக் கூப்பிட்டான்.

பிறகு அவன் டாக்டரைத் தேடிப் போய், மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டான். அதையெல்லாம் இப்போது ஏன் கேட்கிறீர்கள் என்றாள் அவள். அவன் நகராமல் நின்றான். ஏற்கெனவே கெட்ட இருதயம்தான், ஆனாலும் இன்னும் சில வருஷம் இருந்திருக்கலாம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

காசிமேட்டுக் கல்லறைக்கு ஷெட்டுப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தண்டபாணியும் வந்து ஒதுங்கி நின்றார். மண் போட்டு முடிந்ததும், வயிற்றுப் பிள்ளையோடு இருந்த ஒரு சின்னப் பெண் செல்வநாதனிடம் வந்தாள். "நீங்க அன்னிக்குப் பேசலன்னா நாங்க இன்னும் கஷ்டப்பட்டுகினுதான் இருந்திருப்போம் அண்ணே" என்றாள். துக்கத்தில் ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

சங்கத்தில் அவனை மறுபடி பேசக் கூப்பிட்டார்கள். ஒரு முறை போய் ஏறினான். தோழர்களே என்றான். அதற்குமேல் வரவில்லை. துக்கம் என்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவன் போகவில்லை. வின்ச் வேலைக்கு மட்டும் போவான், வருவான்.

ரம்ஜான் முடிந்து பெருநாள் அன்று மத்தியானம் காத்தூன் பீவி ஒரு தூக்கில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். அவன் தூக்கை வாங்கி வைத்துவிட்டு எதிரே சுவரோரம் குந்தினான். மேரி என்னைப் பற்றி ஷெட்டில் என்ன சொன்னாள் என்று கேட்டான். இத்தனை நாள் கேட்கப் பயந்திருந்த கேள்வி அது. திட்டியிருப்பாள், திட்டினாள் என்று தெரிந்தால்கூடக் கொஞ்சம் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

காத்தூன் பீவி சொன்னாள். "ஒரு பொம்பள உன்ன ஏசினா அண்ணே. கட்டினவளப் போயி இப்பிடிச் சொல்வானான்னு. மேரி அவளோட சண்டைக்கே போயிடுச்சி. அவுரு ஊருக்கோசரம் பேசினாரு, அந்தக் கோவத்துல நான் அங்க நிக்கறத மறந்துட்டாரு, அவ்ளோதான்னு சொல்லிச்சி."

அதுதான் நடந்தது. மேரி சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. ஆயிரம் பேர் சிரித்ததும் அடங்கியதும் அவனுக்கு நினைவிருந்தது. பேசிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், சுவரோரம் நின்ற ஒருத்தி அவன் கண்ணில் படவே இல்லை. கல்லறையில்கூட அழாத செல்வநாதன் சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு அழுதான். காத்தூன் பீவி அவனைத் தேற்றவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.